மடியில இருந்த வெள்ளைக்கட்டி

வணக்கம் ஐயா. நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டாச்சா? முகம் வாடிக் கிடக்கு. காலையிலேர்ந்து ஸ்டேஷனுக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கும் அலையறீங்கன்னு வாசல்ல நிக்கற போலீஸ்காரத் தம்பி சொன்னாரு. உங்க தலையில நானும் ஒரு மூட்டையை ஏத்த வந்திருக்கேன், கோவிச்சுக்காதீங்க. உக்காரலாமா? புண்ணியமாப் போகும். நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன், முட்டி கேக்க மாட்டேங்குது. இந்த முட்டியைப் பத்தியும் சொல்லணும். அதுக்கு அப்புறம் வரேன்.

பேர் முதல்லயா? சரி. பேர்னு ஒண்ணு வெச்சாங்க, அது இந்த அட்டையில அச்சடிச்சிருக்கு, பார்த்து எழுதிக்குங்க. ஆனா எங்க தெருவுல போய் அந்தப் பேரைச் சொல்லி விசாரிச்சீங்கன்னா, 'அப்படி யாரும் இல்லையே, செத்துட்டாரா?'ன்னு கேப்பாங்க. ஒத்தக்குச்சி வீடு எதுன்னு கேளுங்க, இடுப்புல இருக்கற குழந்தை கூட கை காட்டும். அந்தப் பேரையும் எழுதிக்குங்க ஐயா. இந்தக் கேஸே அந்தப் பேருக்குள்ளதான் இருக்கு. வயசு அறுபதை ஒட்டி நிக்குது. தொட்டுச்சா தாண்டுச்சான்னு எங்கம்மாவைத்தான் கேக்கணும், அவ போய்ச் சேர்ந்துட்டா. வீடு, மலைப்பாதை ஆரம்பிக்கற இடத்துல, கோவேறு கழுதைக் கொட்டகையை ஒட்டின பச்சைக் கதவு. அடுத்த கதவு என் தங்கச்சி வீடு. தொழில், மலை மேல சுமை தூக்கறது. படிப்பு கிடையாது.

அதனால நான் பேசறபடியே எழுதுங்க. போன தடவை எழுதின தம்பிகிட்ட நான் நீட்டி முழக்கிப் பேசினேன். அவரு அதைப் பிழிஞ்சு 'பெட்டி கொடுத்தபடியே இருந்தது'ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாரு. கீழ கைநாட்டு வெச்சது நான். அந்த வரி பொய். எழுதினவர் மேல தப்பில்ல, சொன்ன வாய் இது. அதைத் திருத்தத்தான் வந்திருக்கேன்.

மலை உச்சியில காத்து எவ்வளவு வேகமா அடிக்குதுன்னு அளக்கறதுக்கு ஒரு இரும்புக் கம்பம் நட்டு வெச்சிருக்காங்க. அதைப் பார்க்கவும் பழுது நீக்கவும் ஒரு அம்மா வருவாங்க. நல்லாப் படிச்சவங்க, நல்ல மாதிரி. நாங்க கம்பத்தம்மான்னு சொல்லுவோம். அவங்க வந்தா நாங்க மூணு பேர் சுமைக்குப் போவோம். நான், என் தங்கச்சி புருஷன், அப்புறம் தபால். தபால்னா தபால்காரன் இல்ல, நடையைப் பார்த்து வெச்ச பேரு. இங்க இருக்கான்னு பார்த்தா அங்க இருப்பான். நடந்து போகையில நாய் கூட குரைக்க மறந்துடும். சரி சரி, விஷயத்துக்கு வரேன்.

சுமை மூணு. ஒண்ணு கூடாரமும் பாத்திரமும். இன்னொண்ணு கம்பத்துக்கு மாத்தற பாட்டரி. அது இருக்கே ஐயா, செத்த பன்னி மாதிரி கனம், பிடிக்க ஒரு இடம் இருக்காது, முதுகுலயே குத்திக்கிட்டு உக்கார்ந்திருக்கும். மூணாவது சின்னப் பெட்டி. அதுல மருந்து, பஞ்சு, ஒரு கயிறு, ஒரு மடக்கு அடுப்பு, அதுக்குப் போடற வெள்ளைக்கட்டி. அடுப்புன்னா பெருசா நினைச்சுக்காதீங்க. உள்ளங்கை அகலத் தகரம். பிரிச்சா நாலு கால் நிக்கும். நடுவுல ஒரு வெள்ளைக்கட்டியை வெச்சுத் தீக்குச்சி காட்டினா எரியும். புகை கிடையாது, பொறி கிடையாது, வெளிச்சத்துல பார்த்தா நெருப்பே தெரியாது, லேசா நீலமா ஆடும். மேல தகரக் குவளையில தண்ணி வெச்சா ஒரே கட்டியில கொதிச்சுடும். மரமே இல்லாத உச்சியில யாருக்காவது ஆபத்துன்னா மட்டும்தான் தொடணும்னு கம்பத்தம்மா கண்டிஷன். பெட்டியைக் கட்டிக் குடுக்கறது கிடங்குக்காரர். திரும்பி வந்ததும் அவரு எண்ணிப் பார்த்து வாங்கி வெப்பாரு. எண்ணுவாரு, பிரிக்க மாட்டாரு, அடுத்த தடவையும் அதே கட்டிங்கதான் வரும். ஒவ்வொரு கட்டியும் வெள்ளித்தாள்ல சுத்தியிருக்கும்.

இப்ப எங்களுக்குள்ள ஒரு வழக்கம். சாயங்காலம் தங்கற இடத்துல ஆளுக்கு ஒரு தீக்குச்சி. ஈர விறகை எவன் ஒத்தக் குச்சியில பத்த வைக்கறானோ அவனுக்கு மறுநாள் சின்னப் பெட்டி, முதல் டம்ளர் டீயும் அவனுக்குத்தான். தோத்தவங்கள்ல ஒருத்தன் தலையில பாட்டரி. எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியாது, எங்க அப்பன் காலத்துலயே இருந்தது. மேல எப்பவும் மழை, எப்பவும் ஈரம். அதனால பெரும்பாலும் யாரும் ஜெயிக்க மாட்டோம். முறை வெச்சு மாத்திக்குவோம். அது நியாயமா ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம்தான் முட்டி போச்சு. இறங்கையில உள்ளுக்குள்ள மாவு அரைக்கற சத்தம் கேக்கும். வெளியில சொன்னா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க. இதுக்கு நடுவுல ஒரு நாள் சின்னப் பெட்டி என் முறைக்கு வந்துச்சு. வழியில பெட்டி வாய் திறந்து ஒரு கட்டி தாள் பிரிஞ்சு கீழ விழுந்துச்சு. நான் அதைச் சீனின்னு நெனச்சு நக்கிப் பார்த்தேன். சிரிக்காதீங்க ஐயா. நாக்கு அன்னிக்கு முழுக்க என் பேச்சைக் கேக்கல. துப்பித் துப்பி வந்ததைப் பார்த்துட்டு மாப்பிள்ளை, அதான் தங்கச்சி புருஷன், 'என்ன மச்சான், வழியெல்லாம் நாத்து நடறீங்களா'ன்னு கேட்டாரு. நக்கின கட்டியைத் திருப்பி வைக்க வெக்கமா இருந்துச்சு. மடியில போட்டுக்கிட்டேன். சாயங்காலம் என் குச்சி முறை வந்தப்ப, சும்மா பார்ப்போமேன்னு, ஈரச் சுள்ளிக்கு அடியில அதைச் சொருகிட்டேன். சொருகி உரசினேன். சடசடன்னு பிடிச்சுது பாருங்க. கம்பத்தம்மா கைதட்டினாங்க. தபால் என் கையைப் பிடிச்சு விரல் விரலாப் பார்த்தான். எனக்கு அன்னிக்கு வந்த பேருதான் ஒத்தக்குச்சி.

அதோட நிறுத்தியிருந்தா ஒரு வேடிக்கையாப் போயிருக்கும். ஆனா மறுநாள் சின்னப் பெட்டி. முட்டி அன்னிக்கு அரைக்கவே இல்ல. அதுவும் பெட்டி என் முதுகுலயே இருக்கு. பூனைகிட்டயே பாலைக் குடுத்துப் பத்திரமா வெச்சுக்கோன்னு சொன்ன மாதிரி. ஒதுங்கப் போகையில பெட்டியைத் திறப்பேன், வெள்ளித்தாளைப் பின்பக்கமாப் பிரிச்சுக் கட்டியை எடுத்துக்குவேன், அதே அளவுக்கு வெட்டி வெச்ச வெள்ளைச் சோப்பைத் தாளுக்குள்ள வெச்சு நகத்தால மடிச்சுடுவேன். எத்தனை கட்டின்னு கேக்கறீங்க. எண்ணலை ஐயா. எண்ணினா திருட்டுன்னு எனக்கே தெரிஞ்சு போயிடும்னு எண்ணாமலே எடுத்தேன்.

சோப்பு ஏதுன்னு கேளுங்க. தங்கச்சி துவைக்கற கல்லு மேல வெச்சிருக்கற சோப்பு. எனக்கும் அவதான் துவைச்சுப் போடுவா. பாதி சோப்பைக் காணோம்னா எலி தூக்கிட்டுப் போயிடுச்சும்பா. பொறி வாங்கி வெச்சா. பொறியில ஒண்ணும் விழலைன்னதும், 'அண்ணா, நம்ம வீட்டு எலி படிச்ச எலி போல'ன்னா. நானும் சேர்ந்து சிரிச்சேன். எலி வராத வழியை எல்லாம் அவளுக்குக் காட்டிக் குடுத்து, இங்க அடைம்மா, அங்க அடைம்மான்னு யோசனையும் சொன்னேன்.

பத்த வைக்கறப்ப எப்படி மறைச்சேன்னா, கதை சொல்லிக்கிட்டே பத்த வைப்பேன். முதுகைக் காத்துக்குக் காட்டிக் குந்திக்குவேன். எங்க அப்பனைக் கரடி துரத்தின கதையை எடுத்து விடுவேன். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க, கையைப் பார்க்க மாட்டாங்க. ஒரே ஒரு குறை, அந்தக் கட்டியில மீன் நாத்தம் மாதிரி ஒண்ணு அடிக்கும், எரிஞ்ச இடத்துல கல்லு மேல பிசுபிசுன்னு கறை ஒட்டும். மாப்பிள்ளைதான் ஒரு தடவை மூக்கைத் தூக்கி, 'மச்சான், உங்க நெருப்பு மத்தியானம் மீன் தின்னுச்சா?'ன்னாரு. மலையில ஏது மீனுன்னு நான் ஒரு போடு போட்டேன். அவரு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாரு. அப்புறம் பாட்டரிக் கயித்தை இறுக்கக் கிளம்பிட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கல.

இந்தத் தடவைக்கு வரேன். கிளம்பினதுலேர்ந்து மழை. முதல் நாள் தங்கின இடத்துல சுள்ளியைப் பிழிஞ்சா தண்ணி வரும், அப்படி ஈரம். தபால் குச்சி நமுத்துப் போச்சு. மாப்பிள்ளை குச்சி பிடிச்சு அணைஞ்சுது. நான் பத்த வெச்சேன். முதல் டம்ளர் டீயை நான்தான் குடிச்சேன். மறுநாள் பாட்டரி முறைப்படி பார்த்தா எனக்கு வரணும் ஐயா. முந்தின பயணத்துல தபாலும் மாப்பிள்ளையும் தூக்கிட்டாங்க. நான் ஜெயிச்சதால அது மாப்பிள்ளைக்குப் போச்சு. இதைத் தனி வரியா எழுதுங்க. அன்னிக்குப் பாட்டரி என் முதுகுல இருந்திருக்கணும்.

அதுக்கப்புறம் மறுநாள் ஏறினோம். மரமெல்லாம் முடிஞ்சு வெறும் பாறையும் முழங்கால் உசரத்துக்குக் குத்துச்செடியும்தான். மழையோட பனியும் சேர்ந்து கொட்டுச்சு. உச்சிக்குக் கீழ ஒரு ஓடை. எப்பவும் கல்லுக்குக் கல் தாண்டிடுவோம். அன்னிக்குக் கல்லே தெரியல. நான் சின்னப் பெட்டியோட ஆட்டுக்குட்டி மாதிரி தாண்டிட்டேன். எனக்குப் பின்னாடி மாப்பிள்ளை. பாட்டரி ஒரு பக்கம் சாய்ஞ்சுது, ஆளும் சாய்ஞ்சாரு. கழுத்து வரைக்கும் தண்ணி. கயித்தை அவுத்துப் பாட்டரியை விட்டிருந்தா சட்டுனு எழுந்திருப்பாரு. விடல. நாங்க இழுத்துக் கரையில போட்டதும் அவரு கேட்ட முதல் கேள்வி, 'பாட்டரி நனைஞ்சுடுச்சா?' நான் திட்டினேன். 'நீங்க நனைஞ்சதை யாரு கேக்கறது'ன்னேன். 'என்னைக் காய வெச்சா காய்ஞ்சுடுவேன் மச்சான், அது காயாது'ன்னாரு. அப்பவே பல்லு அடிக்க ஆரம்பிச்சுடுச்சு.

பக்கத்துல ஒரு பாறை சாய்ஞ்சு கூரை மாதிரி நிக்கும். அங்க கொண்டு போனோம். ஈரத்துணியைக் கழட்டி, எங்ககிட்ட இருந்த கம்பளி எல்லாத்தையும் சுத்தினோம். கம்பளியும் பாதி ஈரம். கொஞ்ச நேரத்துல பல்லு அடிக்கறது நின்னுடுச்சு. நான் நல்லதுன்னு நெனச்சேன். கம்பத்தம்மா முகம் மாறிடுச்சு. 'நடுக்கம் நின்னா ஆபத்து'ன்னாங்க. தபாலைக் கீழ ஆள் கூட்டிட்டு வர அனுப்பினாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, 'பெட்டியைக் குடுங்க. தண்ணி கொதிக்க வெச்சு, குடிக்கக் குடுத்து, போத்தல்ல ஊத்திக் கக்கத்துலயும் கால்கிட்டயும் வைக்கணும். கட்டி நிறைய இருக்கு, காலையில வரைக்கும் தாங்கும்'னாங்க.

நான் பெட்டியைக் குடுத்தேன் ஐயா. முதுகுலேர்ந்து இறக்கி, மரியாதையா ரெண்டு கையாலயும் குடுத்தேன்.

அவங்க அடுப்பை விரிச்சாங்க. ஓடைத் தண்ணியைக் குவளையில மொண்டு வெச்சாங்க. ஒரு கட்டியைப் பிரிச்சாங்க. குச்சி காட்டினாங்க. ஓரம் உருகி நுரை தள்ளுச்சு, பிடிக்கல. இன்னொரு குச்சி. துணி துவைக்கற வாசனை வந்துச்சு. தங்கச்சி வீட்டுப் பின்பக்கம் அடிக்குமே, அதே வாசனை. மலை உச்சியில அந்த வாசனை வந்தா ஒரு மனுசனுக்கு எப்படி இருக்கும்னு நீங்களே பார்த்துக்குங்க. அவங்க அடுத்ததைப் பிரிச்சாங்க. அடுத்தது. பிரிச்சுப் பிரிச்சுப் போட்டாங்க. அத்தனையும் சோப்பு. கடைசியா ஒண்ணு ரெண்டாவது மிஞ்சியிருக்கும்னு நானும்தான் எட்டிப் பார்த்தேன். எண்ணாம எடுத்தவனுக்கு எப்படித் தெரியும்?

'அந்தக் கிடங்குக்காரர் நம்ம உசிரோட விளையாடிட்டாரு'ன்னாங்க கம்பத்தம்மா. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரின்னு சொல்லுவாங்களே, அதை அன்னிக்குத்தான் முழுசா அனுபவிச்சேன். அப்புறம் அவங்க என் பக்கம் திரும்பினாங்க. 'உங்களால முடியும். ஈர விறகுலயே பத்த வைப்பீங்களே. பத்த வைங்க'ன்னாங்க. அந்தக் கண்ணுல அப்படி ஒரு நம்பிக்கை.

இப்ப சொல்லப் போறதுதான் விஷயம். மெதுவா எழுதிக்குங்க.

என் மடியில ஒரு கட்டி இருந்துச்சு. நிஜக் கட்டி. அன்னிக்குச் சாயங்காலப் பந்தயத்துக்காகக் காலையிலயே எடுத்து, ஈரம் படாம பிளாஸ்டிக் தாள்ல சுத்தி வெச்சிருந்தேன். மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்பாங்க. அது ஒரு புளியங்கொட்டை கனம் கூட இருக்காது. அதை எடுத்து அந்தத் தகர அடுப்புல வெச்சிருந்தா அந்த நிமிஷமே எரிஞ்சிருக்கும். ஒரு குவளைத் தண்ணி தளதளன்னு கொதிச்சிருக்கும். ஒரு போத்தல் ரொம்பியிருக்கும். ஆனா அதை எடுத்தா, 'இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?'ன்னு கேப்பாங்க.

நான் எடுக்கல. 'சுள்ளி பொறுக்கிட்டு வரேன்'னு சொல்லிட்டு வெளியில போனேன்.

அந்தக் குத்துச்செடி வேரைப் பிடுங்கறது சுலபமில்ல. பாறையைக் கவ்விக்கிட்டு இருக்கும். நான் பனியில முட்டி போட்டு ஒவ்வொண்ணாப் பிடுங்கினேன். எவ்வளவு நேரம்னு கேக்காதீங்க. இருட்டல, ஆனா வெளிச்சம் மாறிப் போச்சு. நடுவுல கம்பத்தம்மா வந்து எட்டிப் பார்த்து, 'சீக்கிரம் வாங்க, பேச்சு குழறுது'ன்னாங்க. அந்தச் சுள்ளி நெருப்புக்கு இல்ல ஐயா. மறைக்கறதுக்கு. கட்டியை மறைக்கற அளவுக்குச் சுள்ளி சேர்ந்தாத்தான் நான் திரும்பிப் போக முடியும். அதுக்காகத்தான் பொறுக்கினேன். அங்க மனுசன் விறைச்சுக்கிட்டு இருக்காரு, நான் என் பேருக்குப் போர்வை தேடிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் வந்தேன். முதுகைக் காட்டிக் குந்தினேன். சுள்ளியை அடுக்கினேன், அடியில கட்டியைச் சொருகினேன், உரசினேன். அன்னிக்கு வாயில ஒரு கதையும் வரல. பிடிச்சுது. கட்டியோட சூட்டுல பாதி ஈர வேரைக் காய வைக்கவே போயிடுச்சு. மிச்சம் புகை. தண்ணி வெதுவெதுன்னு ஆச்சு, அவ்வளவுதான். கொதிக்கல. கட்டி தீர்ந்ததும் சுள்ளியும் அணைஞ்சு போச்சு. அந்தத் தண்ணியை வாயில கொஞ்சம் விட்டோம். போத்தல்ல ஊத்திக் கக்கத்துல வெச்சோம். காலுக்கு வைக்க ஒண்ணும் இல்ல.

கம்பத்தம்மா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, 'நீங்க இல்லைன்னா இதுவும் இல்ல'ன்னாங்க. அழுதாங்க ஐயா. படிச்சவங்க, என் தோள் மேல கை வெச்சு அழுதாங்க.

மாப்பிள்ளை தரையில ஒருக்களிச்சுப் படுத்திருந்தாரு. மத்தவங்களுக்கு என் முதுகுதான் தெரியும். அவரு கண்ணு நெருப்பு மட்டத்துல இருந்துச்சு. உதடு நீலம். நான் குனிஞ்சு கம்பளியை இழுத்து விடறப்ப, காத்து மாதிரி ஒரு குரல்ல, 'மச்சான்... மீன்'னாரு. சிரிக்கப் பார்த்தாரு. உதடு ஒத்துழைக்கல. 'இன்னொண்ணு... இருக்கா?'ன்னாரு. எனக்குக் கேக்காத மாதிரி காலைத் தேய்ச்சுவிட ஆரம்பிச்சேன். ராத்திரி முழுக்கத் தேய்ச்சேன். இந்த ஆஸ்பத்திரி டாக்டர் சொல்றாரு, விறைச்ச காலைத் தேய்க்கவே கூடாதாம். பாருங்க, அதுலயும் தப்பு.

அதுக்கப்புறம் தபால் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தான். கட்டில்ல தூக்கி இறக்கினோம். உசிரு தங்கிடுச்சு. ரெண்டு காலிலயும் விரல் கறுத்துப் போச்சு. கறுப்பு எது வரைக்கும் ஏறுதுன்னு பார்த்துட்டு வெட்டி எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. சுமைக்காரனுக்குக் கால் விரல்தான் ஐயா எல்லாம். ஏறையில அதுதான் மலையைப் பிடிச்சுக்கும். சூடு குடுத்திருந்தா காப்பாத்தியிருக்கலாமான்னு நான் கேட்டேன். 'சொல்ல முடியாதுப்பா, ஒண்ணு ரெண்டு மிஞ்சியிருக்கலாம்'னாரு. எந்த ஒண்ணு, எந்த ரெண்டுன்னு கேக்க எனக்குத் தைரியம் வரல.

தங்கச்சி வந்தா. வந்ததும் புருஷன்கிட்ட போகல, என்கிட்ட வந்தா. என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. 'இந்தக் கை மட்டும் இல்லைன்னா நான் இன்னிக்கு என்ன ஆகியிருப்பேன் அண்ணா'ன்னா. பிடுங்கின வேர் கிழிச்ச காயம் இருந்துச்சு. அதுக்கு மருந்து தடவினா. நான் தடவ விட்டேன். இதோ, துணி சுத்தியிருக்கே, அவ கட்டினதுதான்.

இந்த வராந்தாக் கோடியில ஒரு குழாய் இருக்கு, பார்த்திருப்பீங்க. திருப்பினா கொதிக்கக் கொதிக்க வருது. முதல் நாள் அவ பிளாஸ்க்கைக் குடுத்துப் பிடிச்சுட்டு வரச் சொன்னா. நான் போய்த் திருப்பிட்டு நின்னேன். ரொம்பி வழிஞ்சு கீழ ஓடிக்கிட்டே இருக்கு. ஒரு நர்ஸ் வந்து, 'என்ன பெரியவரே, சுடுதண்ணியையே பார்த்ததில்லையா?'ன்னு கேட்டுக் குழாயை மூடினாங்க.

அதுக்கப்புறம்தான் நீங்க கிடங்குக்காரரைப் பிடிச்சீங்க. மட்டமான சரக்கைப் போட்டு நல்ல சரக்கை வித்துட்டாருன்னு கேஸ். என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டீங்க. அவரு ஸ்டேஷன் பெஞ்சு ஓரத்துல உக்கார்ந்திருந்தாரு. கண்ணாடிக்கு ஒரு காலு உடைஞ்சு நூல் கட்டியிருக்கும், அந்த நூலை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு இருந்தாரு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துடுச்சு. 'இதோ வந்துட்டான் பாருங்க, ஒத்தக்குச்சி பொய் சொல்ல மாட்டான். சொல்லுப்பா, நான் உன் கையில நல்லாத்தானே கட்டிக் குடுத்தேன்?'ன்னாரு. நான் அவரைப் பார்க்காம, அவரோட செருப்பைப் பார்த்துக்கிட்டு, 'நீங்க குடுத்தபடியே தூக்கிட்டுப் போனேன், உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்'னேன். அவரு நூலை விட்டுட்டாரு. வெளியில வரப்ப அவரு வீட்டுப் பொம்பளை சாப்பாட்டுத் தூக்கோட நின்னுக்கிட்டு இருந்தாங்க. உள்ள குடுக்க விடுவாங்களான்னு என்கிட்டத்தான் கேட்டாங்க.

அதுக்கு அப்புறமும் நான் சும்மா இருந்திருப்பேன் ஐயா, வெக்கத்தை விட்டுச் சொல்றேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தியிருப்பேன். நேத்து தங்கச்சி மருந்து வாங்கப் போன நேரத்துல மாப்பிள்ளை பக்கத்துல உக்கார்ந்தேன். உங்க ஆளுங்க அவரையும் விசாரிச்சிருக்காங்க. 'என்ன சொன்னீங்க மாப்பிள்ளை?'ன்னு கேட்டேன்.

'எனக்கு நினைவு இல்லைன்னு சொல்லிட்டேன் மச்சான்.'

'நினைவு இருந்துச்சே.'

'இருந்துச்சு. மீனும் இருந்துச்சு'ன்னு சிரிச்சாரு. 'ரொம்ப நாளாத் தெரியும். கல்லுக்குக் கல்லு கறையை விட்டுட்டுப் போறீங்க, எனக்கா தெரியாது? முட்டி வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லியிருந்தா பாட்டரியை நானே தூக்கியிருப்பேனே. அதுக்கு எதுக்கு என் பொண்டாட்டி சோப்பு?'

அவரே பேசினாரு. 'உங்களைக் காட்டிக் குடுத்தா அவளுக்கு அண்ணன் இல்லாமப் போயிடும். விரல் போனா சின்ன அளவுச் செருப்பு வாங்கிக்கறேன்.' அப்புறம் சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. தூங்கிட்டாருன்னு நான் எழுந்தேன். சுவத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு, 'அந்தக் கிடங்குக்காரரும் எவளுக்கோ அண்ணனா இருப்பாரு மச்சான்.'

அவ்வளவுதான். அதுக்கு மேல ராத்திரி எப்படிப் போச்சுன்னு எழுத வேண்டாம், விடிஞ்சதும் வந்துட்டேன்னு எழுதிக்குங்க.

ஆகவே, வெள்ளைக்கட்டியை எடுத்தது நான். சோப்பை வெச்சது நான். கிடங்குக்காரர் நல்ல சரக்கைத்தான் கட்டிக் குடுத்தாரு. முன்னாடி சொன்னதை நான் திருப்பி வாங்கிக்கறேன். கம்பத்தம்மா என்னைப் பத்தி நல்லவிதமா எழுதிக் குடுத்ததையும் அடிச்சுடுங்க. படிச்சுக் காட்டினீங்க, கேட்டுக்கிட்டேன், நான் பேசினதுக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல. யாரும் அடிக்கல, மிரட்டல, ஆசை காட்டல, என் காலால நடந்து வந்து என் வாயால சொன்னேன். மை டப்பாவைக் குடுங்க. கட்டு போட்ட கையா, இந்தக் கையா? இருங்க, கடைசியா ஒண்ணு சேர்த்துக்குங்க. என் தங்கச்சிகிட்ட இதை நீங்க யாரும் படிச்சுக் காட்ட வேண்டாம். நானே சொல்லிடறேன். முதல்ல எலியிலேர்ந்து ஆரம்பிக்கறேன், எலி இல்லம்மா, பொறியில விழ வேண்டியவன் உனக்கு முன்னாடி பொறந்தவன்னு...

யாரு? அவ குரல்தான். 'அண்ணா! எங்க போயிட்ட? பிளாஸ்க் காலி. அவருக்கு ஒரு மடக்கு சுடுதண்ணி வேணுமாம். நான் பிடிச்சுட்டு வரேன்னா வேண்டாங்கறாரு, மச்சான் கையாலதான் வேணும்னு அடம் பிடிக்கறாரு. வா சீக்கிரம்!'

வந்துட்டேம்மா, இதோ. ஐயா, குழாய் பக்கத்துலதான், போயிட்டு வந்துடறேன், அதுக்குள்ள கிடங்குக்காரரை விடச் சொல்லி ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டுடுங்க...